மொபைல் ஹோல்டர் ஏன் கழன்று விழுது? விருத்தாசலம் அகல் விளக்கில் இருக்கு பதில்!

கொலு, தீபாவளி, கார்த்திகை என்று சீசன் தொடங்கினாலே கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் மவுசு கூடிவிடும். காரிலும் லோடு வண்டியிலும் வந்து பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறவர்கள், பொம்மை உடையாமல் இருக்க வைக்கோல், பேப்பர், அட்டை எனச் சுற்றிச் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆனால் வண்டியின் முன்பக்கம் இருக்கும் இன்னொரு பொருளை யாரும் கண்டுகொள்வதில்லை. வழிகாட்டும் மொபைல் போன்தான் அது!

மடியில் ஒரு போன், கியர் ராடுக்குப் பக்கத்தில் ஒரு போன், ஸ்பீடோமீட்டர் முன்னால் சாய்த்து வைத்த போன்... இதெல்லாம் தினமும் பார்க்கிற காட்சி. "ஹோல்டர்தான் வாங்கிட்டோமே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. எந்த ஹோல்டர், அதை எங்கே ஒட்டியிருக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2 விநாடியில் என்ன ஆகிடப் போகுது?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. 'அடுத்த திருப்பம் எங்கே?' என்று 2 விநாடி மடியில் இருக்கும் போனைக் குனிந்து பார்த்தால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். 80 கி.மீ. வேகம் என்றால் அது 44 மீட்டர்.

சேலம் - கடலூர் சாலையிலோ, உளுந்தூர்பேட்டை சாலையிலோ அந்த 33 மீட்டருக்குள் என்னவெல்லாம் வரலாம்? பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர், சாலையோரம் காய வைத்த நெல், திடீரென்று குறுக்கே வரும் ஆடு, மாடு. வாகனம் ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஹோல்டரின் வேலையே இந்த நேரத்தைக் குறைப்பதுதான். போனை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டே ஓட்ட உதவும் சாதனம் என்று நினைத்தால், அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவுப்படி, ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது அபாயகரமாக வண்டி ஓட்டிய குற்றத்தில் சேரும். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 3 ஆண்டுகளுக்குள் மறுபடியும் சிக்கினால் அபராதம் 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் மாற்றியமைக்கப்பட்ட அபராதப் பட்டியலில், முதல் முறைக்கு 1,000 ரூபாய், அடுத்த முறைக்கு 10,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள்.

"அப்போ மேப் பார்க்கவே கூடாதா?" பார்க்கலாம். 2020 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஒரே நிபந்தனை: ஓட்டுநரின் கவனம் சிதறக் கூடாது. ஆக, ஹோல்டரில் மேப் ஓடலாம். ரீல்ஸ் ஓடக் கூடாது!

ஹோல்டர் ஏன் கழன்று விழுது?

விருத்தாசலத்தில் கிடைக்கும் இரண்டு வகை அகலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மண் அகல் எண்ணெயைக் குடிக்கும். அதனால்தான் வீட்டில் பெரியவர்கள் அதை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு கொடுத்துச் சூளையில் சுட்ட செராமிக் அகல் அப்படிக் குடிக்காது. மண் அகலின் உடம்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத துளைகள். கிளேஸ் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது.

உறிஞ்சு கப் வைத்த ஹோல்டருக்கும் இதே கதைதான். கப்பை அழுத்தி லாக் செய்யும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிறது. அதன் பிறகு கப்பைப் பிடித்து வைத்திருப்பது பசை கிடையாது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம். 6 செ.மீ. விட்டமுள்ள கப்பின் மேல், முழு வெற்றிடம் கிடைத்தால், சுமார் 29 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். 200 கிராம் போனுக்கு அது தாராளம்.

ஆனால் ஒரு மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். கண்ணாடியும் கிளேஸ் போட்ட டைல்ஸும் வழுவழு. அங்கே கப் கச்சிதமாக உட்காரும். பெரும்பாலான கார் டாஷ்போர்டுகளோ சொரசொரப்பானவை. அங்கே நேரடியாக ஒட்டினால் காற்று கசிந்து, பத்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள் போன் காலடியில் கிடக்கும். பிரேக் பெடலுக்கு அடியில் போன் உருண்டால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த வகை யாருக்கு செட் ஆகும்?

*உறிஞ்சு கப்:* கண்ணாடியிலோ, வழுவழுப்பான பரப்பிலோ மட்டும் ஒட்டுங்கள். சொரசொரப்பான டாஷ்போர்டு என்றால், ஜெல் போன்ற ஒட்டும் அடிப்பாகம் உள்ள கப்போ, ஹோல்டருடன் வரும் வட்டத் தட்டோ தேவை. ஒட்டும் முன் தூசி, டாஷ்போர்டு பாலிஷ் இரண்டையும் துடைத்து எடுக்க வேண்டும். பாலிஷ் போட்ட இடத்தில் எதுவுமே நிற்காது.

*ஏ.சி. வென்ட் கிளிப்:* நம்ம ஊர் வெயிலுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஏ.சி. காற்று போனின் முதுகில் பட்டு, சூட்டைக் குறைக்கும். ஆனால் வென்ட்டின் பிளாஸ்டிக் பட்டைகள் மெலிசானவை. பெரிய போனைச் சுமந்தால் வளையும், உடையும். பட்டையைச் சும்மா கவ்வும் கிளிப்பைவிட, பின்னால் கொக்கி போட்டு ஸ்க்ரூவால் இறுக்கும் வகை நல்லது. வட்ட வடிவ வென்ட் உள்ள கார்களில் பல கிளிப்புகள் பொருந்தாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

*மேக்னட்:* ஒரு கையால் டக்கென்று வைக்கலாம், எடுக்கலாம். போனுக்கும் கவருக்கும் நடுவே இரும்புத் தகடு வைக்கும் பழைய வகையில் வயர்லெஸ் சார்ஜிங் நடக்காது. போனிலேயே காந்த வளையம் இருந்தால் (2020-ல் வந்த ஐபோன் 12 முதல் பெரும்பாலான ஐபோன்களில் இது உண்டு) தகடு தேவையில்லை. போன் கனமாக இருந்து, சாலையும் குண்டும் குழியுமாக இருந்தால், மேக்னட்டைவிட இரண்டு பக்கமும் பிடிக்கும் கிளாம்ப் வகையே பாதுகாப்பு.

வாங்கும்போது கையின் நீளத்தையும் கவனியுங்கள். நீளமான கை அதிகம் ஆடும். ஆடுகிற திரையைப் படிக்க கண்ணுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். குட்டைக் கையே சிறந்தது.

காரிலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இருக்கிறதா? மேப்பைக் கார் திரையில் போட்டுவிடலாம். ஹோல்டர் செலவே மிச்சம்.

சரி, எங்கே வைக்கணும்?

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ., காரில் இருக்கும் திரைகளுக்காக 2013-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது. திரை, கண் மட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரிக்கு மேல் கீழே இறங்கக் கூடாது என்பது அதன் சாரம்.

டிகிரியை எப்படி அளப்பது என்று குழம்ப வேண்டாம். போன் கண்ணிலிருந்து முன்பக்கமாக 65 செ.மீ. தூரத்தில் இருந்தால், கண் மட்டத்துக்கு 37 செ.மீ. கீழே வரை இருக்கலாம். ஒரு 30 செ.மீ. ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மடியும் கப் ஹோல்டரும் இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

நம்முடையது வலது பக்க ஸ்டீயரிங். அதனால் நடுவில் இருக்கும் இரண்டு வென்ட்களில் ஓட்டுநருக்கு அருகில் இருப்பதோ, டாஷ்போர்டின் நடுப்பகுதியில் ஓட்டுநர் பக்கம் சாய்ந்த இடமோ பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அசைத்தால் திரை தெரிய வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டுவதாக இருந்தால் அடிப்பகுதி மூலை மட்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதை அளந்தே சொல்லிவிட்டார்கள்: ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரம், எதிர் மூலையில் 7 அங்குலச் சதுரம். அதற்குள்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் இப்படி அங்குலக் கணக்கு பார்க்காவிட்டாலும் காரணம் ஒன்றுதான். கண்ணாடி நடுவே நிற்கும் ஒரு போன், தூரத்தில் வரும் பைக்கை முழுசாக மறைத்துவிடும்.

எங்கே வைக்கவே கூடாது?

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். முன்சீட்டில் உட்காரும் இன்னொருவருக்கான ஏர்பேக்கும் 2021-ல் கட்டாயமானது. ஸ்டீயரிங் நடுவிலும், இடது பக்க டாஷ்போர்டிலும் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோதல் நடந்தால், ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்த மூடி கிழிந்து பலூன் விரியும். அதன் மேல் ஹோல்டர் இருந்தால், அது நேராக முகத்தைத் தேடி வரும்.

கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் தூணிலும் ஒட்டாதீர்கள். சில கார்களில் கர்ட்டன் ஏர்பேக் அங்கிருந்துதான் இறங்கும்.

இதே விதி டாஷ்போர்டு பிள்ளையாருக்கும் பொருந்தும். ஆசையாக வாங்கிய செராமிக் பொம்மையை ஏர்பேக் மூடி மேல் ஒட்டி வைப்பது ஆபத்து. சாமி துணை வேண்டும் என்பவர்கள், ஏர்பேக் இல்லாத இடத்தில், இலேசான பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

ஏர்பேக் விரியாவிட்டாலும் ஆபத்து உண்டு. 50 கி.மீ. வேகத்தில் கார் மோதி நின்றால், பிடிப்பு விட்ட போன் அதே 50 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து பாயும். சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்றாவது மாடியில் இருந்து விழும் போன் தலையில் பட்டால் எப்படியோ, அப்படி.

வெயிலில் விட்டுட்டுப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஐபோனை 45 டிகிரிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு விருத்தகிரீஸ்வரரைத் தரிசித்துவிட்டு வருவதற்குள் பேட்டரியின் ஆயுள் கரையலாம். ஹோல்டரின் ரப்பரும் இளகி, பிடி தளரும். கோடையில் வாரம் ஒருமுறை கப்பை எடுத்து, துடைத்து, மறுபடி ஒட்டுவது நல்லது.

பைக்கில் ஹோல்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: இன்ஜின் அதிர்வு போன் கேமராவின் உள் பாகங்களைப் பாதிக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் டேம்பர் உள்ள மவுன்ட் வாங்குவது நல்லது.

கிளம்பும் முன் 1 நிமிட செக்

* வண்டி நிற்கும்போதே போகும் இடத்தை டைப் செய்து, வழியைத் தொடங்கிவிடுங்கள்.
* கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் உண்டு. அதை ஆன் செய்தால் பாதி வழியைக் காதே பார்த்துக்கொள்ளும்.
* ஹோல்டரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். இப்போதே அசைந்தால், வேகத்தடையில் விழும்.
* ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். கியரை எல்லா நிலைக்கும் மாற்றுங்கள். போனோ, சார்ஜர் ஒயரோ எங்கும் தட்டக் கூடாது.
* இரண்டு பக்கக் கண்ணாடி, ஹசார்டு சுவிட்ச், ஸ்பீடோமீட்டர் எதையும் போன் மறைக்கக் கூடாது.
* நோட்டிபிகேஷன்களை நிறுத்தி வையுங்கள். இரவில் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.
* வழி தப்பினால் பதறாதீர்கள். ஓரமாக நிறுத்தி, போனைக் கையில் எடுத்து, நிதானமாகப் பாருங்கள்.

பின்சீட்டில் இருக்கும் பொம்மை உடைந்தால் அடுத்த சீசனில் வேறு வாங்கிக்கொள்ளலாம். முன்சீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஹோல்டரைச் சரியான இடத்துக்கு மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.