மூன்று மில்லிமீட்டர் திசைமானியின் உள்ளே

கிட்ட வாருங்கள், இந்தக் குட்டிப் பலகையைப் பாருங்கள்! ஜி.ஒய்-271 என்று கடையில் கேட்டால் தருவார்கள். நடுவில் 3 மில்லிமீட்டர் சதுரமாக ஒரு கறுப்புச் சிப் தெரிகிறதா? பூமியின் காந்தப்புலத்தை அளக்கப் போவது அதுதான். உள்ளே ஆடுகிற முள் கிடையாது. நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாய் படலம் இருக்கிறது. காந்தப்புலம் பட்டால் அதன் மின்தடை இம்மியளவு மாறும். அந்த இம்மியைப் பிடித்து எண்ணாக்கிக் கொடுத்துவிடுகிறது சிப்!

ஆர்டுயினோ ஊனோவோடு இணைக்க ஒயர் நான்கே நான்கு. மின்சாரத்துக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று, எஸ்.டி.ஏ.வை ஏ4-க்கும் எஸ்.சி.எல்.லை ஏ5-க்கும். ஐந்தாவது காலை அப்படியே விட்டுவிடலாம்.

இனிதான் திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்து. இதே பெயரில் விற்கும் பலகைகளில் இரண்டு வேறு சிப்புகள் வருகின்றன. ஹனிவெல்லின் எச்.எம்.சி 5883எல் என்றால் 30ஆம் முகவரியில் பதில் சொல்லும், க்யூ.எம்.சி 5883எல் என்றால் 13இல். அதனால் முதல் வேலை, முகவரி தேடும் சிறு நிரலை ஓட்டி உள்ளே இருப்பது யார் என்று கேட்பது. ஹனிவெல் சிப்பிடம் 10, 11, 12ஆம் பதிவேடுகளைப் படித்தால் 'எச்', '4', '3' என்று தன் அடையாளத்தையே சொல்லும். எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும் இடம் இது!

இன்னொரு ரகசியம்: ஹனிவெல் சிப் மூன்று அச்சுகளின் எண்களை எக்ஸ், ஒய், இசட் என்று வரிசையாகத் தராது. எக்ஸ், இசட், ஒய் என்றே அனுப்பும். இது தெரியாமல் நிரல் எழுதினால் திசை தாறுமாறாக வரும். இன்னொன்று, மின்சாரம் கொடுத்ததும் ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு ஓய்ந்துவிடும். இரண்டாம் பதிவேட்டில் பூஜ்யத்தை எழுதினால்தான் விடாமல் அளக்கும்.

எழுதியாயிற்றா? சீரியல் மானிட்டரைத் திறவுங்கள். எண்கள் கொட்டுகின்றன! காந்தப்புலத்தின் அலகான காஸ் ஒன்றுக்கு 1090 என்பது இதன் தொடக்கக் கணக்கு. தமிழ்நாட்டில் பூமியின் புலம் ஏறக்குறைய 0.4 காஸ். பலகையின் எக்ஸ் அம்பை வடக்கே திருப்பினால் 430-ஐ ஒட்டி வரும். தெற்கே திருப்பினால் அதே எண் மைனஸில். கிழக்கே பூஜ்யத்தை நெருங்கும். பக்கத்தில் ஸ்பீக்கரோ இரும்புத் திருகோ இருந்தால் கணக்கு நகர்ந்துவிடும். பலகையை எல்லாப் பக்கமும் சுழற்றி, ஒவ்வொரு அச்சிலும் வந்த உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுப்புள்ளி கண்டு கழித்துவிட்டால் சரியாகும்.

திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூமியின் காந்த நடுக்கோடு உங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. அங்கே புலம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே ஓடும். பலகையை மட்டமாக வைத்து இசட் எண்ணைப் பாருங்கள். டெல்லியில் முந்நூறைத் தாண்டக்கூடிய அந்த எண், உங்கள் மேசையில் பூஜ்யத்தின் பக்கத்திலேயே நிற்கும்.