கடலடிச் செயற்கைப் பாரும் கரைக் காப்பும்

லால்குடித் தாலூகாவில் கொள்ளிடத்தை அடுத்து நிலம் வைத்திருப்போருக்குக் கரை அரிப்பு புதிய விஷயமன்று. வெள்ளம் மோதும் இடத்தில் வருஷந்தோறும் மண் கொட்டுவதினும், நீரின் வேகத்தைக் கரைக்கு வருமுன்னே தணிப்பது மேல் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். கடற்கரையைக் காப்பதற்கும் இப்பொழுது இந்த யுக்தியே கையாளப்படுகிறது.

ஆழமான நீரில் அலையின் அசைவு அடித்தரையைத் தொடுவதில்லை. ஆழம் குறையக் குறைய அலை நிமிர்ந்து, அதன் உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும் மடிந்து உடைகிறது. ஆகையால் கரைக்குச் சற்றுத் தூரத்தில் நீருக்கடியில் ஒரு மேடு அமைத்தால், பெரிய அலைகள் அதன்மேல் உடைந்து வலுவிழந்தே கரையை அடையும். சிறிய அலைகள் கடந்து வரும், அவற்றால் தீங்கில்லை. மேட்டின் பின்னேயுள்ள அமைதியான நீரில் மணல் படியும். மீன்பிடிப்போர் 'பார்' என்று வழங்கும் இயற்கைத் திட்டுகள் இவ்வேலையைக் கூலியின்றிச் செய்து வந்தன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவைச் சூழ்ந்த பவளப் பாரைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்ததில் தீவே கரையலாயிற்று. 2015 முதல் துளைகளுள்ள கான்கிரீட் பார்களை இறக்கி அதனைக் காத்து வருகின்றனர்.

புதுச்சேரியில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைத் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் தள்ளுகின்றன. வருஷக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது இவ்வோட்டம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் மணற்கரை மறைந்தது. அங்கே கருங்கற்களைக் கொட்டினர். கல் விழுந்த இடம் நின்றது. அரிப்போ அதற்கும் வடக்கேயுள்ள மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. ஆற்றின் ஒரு கரையை மட்டும் பலப்படுத்தினால் எதிர்க்கரைக்கு நேர்வதும் இதுவே.

2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே சுமார் 900 டன் எடையுள்ள, ஆப்பு வடிவமான எஃகுப் பார் ஒன்றைக் கடலடியில் வைத்தனர். துறைமுக வாயிலில் வாரிய மணலும் கரையோரத்தில் இடப்பட்டது. மணற்கரை திரும்பத் தோன்றலாயிற்று.

எனினும், பார் மணலைப் பிடித்து நிறுத்துமேயன்றி உண்டாக்காது. இக்கரையோரத்து மணலில் பெரும்பாகம் ஆறுகள் கொணர்ந்தது. கொள்ளிடம் கடலிற் கலப்பது புதுச்சேரிக்குத் தெற்கேதான். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது முதல் காவிரி மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்குகிறது. எஞ்சியதையும் வழியில் லாரிகளில் ஏற்றிவிட்டால் கடலுக்குச் சேர்வது யாது? நஷ்டம் கடலோரத்தாருக்கு மட்டுமன்று. மணல் போன படுகை தாழும். அடுத்துள்ள கிணறுகளில் ஊற்று இறங்கும். வாய்க்கால் தலைப்புகளில் நீர் ஏறுவது கடினமாகும். பாலங்களின் அஸ்திவாரமும் வெளிப்படும். ஆற்றங்கரைக் கிராமங்களில் அனுமதியின்றி மணல் அள்ளப்படுவதைக் காணும் கிராம அதிகாரிகள், அள்ளுவோர் எவ்வளவு செல்வாக்குடையவராயினும், இடத்தையும் தேதியையும் குறித்துத் தாசில்தாருக்கு அன்றே எழுதுவது உசிதம்.