இரும்புக்குள் ஒளிந்திருக்கும் விசை!

குட்டீஸ்! மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போனால், நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் சக்கரத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். வில் போல வளைந்த எஃகுப் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். இதன் பெயர் 'லீப் ஸ்பிரிங்'. டிரைவர்கள் சுருக்கமாக, 'பட்டை' என்பார்கள்.

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பட்டை வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்து விடும் அல்லவா? மேலூருக்கும் நத்தத்துக்கும் தினமும் போய் வரும் பஸ்ஸின் பட்டை மட்டும் ஏன் சீக்கிரம் ஒடிவதில்லை?

நல்ல எஃகு ஒரு காரணம். இன்னொரு காரணம், தொழிற்சாலையில் அது வாங்கிய அடி!

கடுகு அளவுள்ள எஃகுக் குண்டுகளை, மழை போல் வேகமாகப் பட்டையின் மேல் அடிப்பார்கள். இதற்கு 'ஷாட் பீனிங்' என்று பெயர். அடி பட்ட மேல்தோல் பரவ முயலும். அடியில் இருக்கும் எஃகு விடாது. அதனால் மேல்தோல் எப்போதும் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். வெளியிலிருந்து யாரும் அழுத்தாமலே உள்ளே தங்கிவிட்ட இந்த விசைக்கு, 'எஞ்சிய தகைவு' என்று பெயர்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகையில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே சிறு இடைவெளி விழுந்தாலும் உடனே மூடிக்கொள்ளும். அதுபோலத்தான், நெருக்கப்பட்ட எஃகில் விரிசல் வாய் திறக்க முடியாது.

பளபளப்பை நம்பாதே!

இதற்கு நேர் எதிரான விசையும் உண்டு. உலோகத்தைச் சாணை பிடிக்கும்போது சூடு அதிகமானால், ஆறிய பிறகு மேல்தோலில் இழுவிசை தங்கிவிடும். பார்க்கக் கண்ணாடி போல மின்னும். ஆனால், விரிசலுக்கு அது கதவைத் திறந்து வைக்கும்.

ஒளிந்திருக்கும் இழுவிசை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. உறையைச் செய்தபோது உள்ளே தங்கிய இழுவிசையும், குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என்று 1921ல் விளக்கினார்கள். செய்து முடித்ததும் பதமாகச் சூடாக்கினால் அந்த விசை தளர்ந்து விடும் என்பதும் தெரிந்தது.

எப்படி அளப்பது?

கண்ணுக்குத் தெரியாததை அளக்க இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, அமெரிக்காவின் ஜான் ஆல்மன் தந்தது. 1944ல் காப்புரிமை பெற்றது. 76 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய எஃகுத் தகட்டைத் திருகி வைத்து, ஒரு பக்கம் மட்டும் குண்டடி கொடுப்பார்கள். கழற்றியதும் தகடு வில்லாக வளையும். எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால், குண்டு மழையின் பலம் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, எக்ஸ்ரே. இரும்பில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50 லட்சம் வரிசைகள்! எக்ஸ் கதிர் பட்டுத் திரும்பும் கோணத்தை வைத்து, வரிசைகளின் இடைவெளியைக் கணக்கிடலாம். இந்த விதியை 1912ல் கண்டவர் லாரன்ஸ் பிராக். 1915ல் தந்தையோடு நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25தான்! இடைவெளி ஆயிரத்தில் ஓரிரு பங்கு மாறினாலே போதும். அங்கே இருப்பது நெருக்கமா, இழுப்பா, அது எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

நீங்களும் செய்து பார்க்கலாம்!

ஒரு நீளமான ரப்பரின் மேல் பக்கத்தில், பெரியவர்களை விட்டுச் சிறு வெட்டுப் போடச் சொல்லுங்கள். வெட்டு வெளிப்பக்கம் வரும்படி வளைத்தால், அது வாயைப் பிளக்கும். இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கி அழுத்தினால், வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் விரலால் கொடுக்கும் இந்த அழுத்தத்தைத்தான், குட்டிக் குண்டுகள் பஸ் பட்டைக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டுப் போகின்றன!