நீர் மாத்திரையை நாமாக நிறுத்தலாமா?

"ஏங்க, காலை மாத்திரை போட்டீங்களா?"

"இன்னைக்குச் சந்தைக்குப் போறேன் புள்ள. வழியில எத்தனை தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்றது? கால் வீக்கந்தான் வத்திப் போச்சே, விடு."

இரத்தக் கொதிப்புக்கோ இருதயக் கோளாறுக்கோ வைத்தியம் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். நீர் மாத்திரையைப் பலர் இப்படித்தான் கைவிடுகிறார்கள்.

இருதயம் ஒரு பம்பு செட்டைப் போன்றது. அது பலவீனமானால் உப்பும் நீரும் உடம்பில் தங்கிவிடும். காலில் தங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். டாக்டர் கொடுத்த மாத்திரை, சிறுநீரகத்தின் வழியாக அந்த உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. வீக்கம் வற்றியது மாத்திரை வேலை செய்ததால்தான், நோய் போய்விட்டதால் அல்ல. நிறுத்தினால் நீர் மறுபடி சேரும். ஒரு நாள் இரவு படுக்க முடியாமல் மூச்சு முட்டி, எழுந்து உட்கார வேண்டி வரும். இரத்தக் கொதிப்புக்காரருக்கு அந்த அடையாளமும் இருக்காது. கொதிப்பு சத்தமில்லாமல் ஏறிவிடும்.

அப்படியானால் சந்தைக்கு எப்படிப் போவது? இருதயக் கோளாறுக்குக் கொடுக்கும் பியூரோசமைடு மாத்திரை ஒரு மணி நேரத்திற்குள் வேலையைத் தொடங்கி 6 முதல் 8 மணி நேரம் வரை நிற்கும். அதனால்தான் காலையில் போடச் சொல்கிறோம். இரவில் போட்டால் தூக்கம் கெடும். இரண்டு வேளை போடச் சொல்லியிருந்தால் இரண்டாவதை மாலை 4 மணிக்குள் போட்டுவிட வேண்டும். வெளியூர் போகிற நாளில் நேரத்தைத் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை மாற்ற வழியுண்டு. மாத்திரையை விட்டுவிடத்தான் கூடாது. மறந்துபோய் இரவில் நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் ஒன்று மட்டும் போடவும். சேர்த்து இரண்டு போடக் கூடாது.

பெண்கள் பாடு இதைவிடக் கஷ்டம். ஆண்பிள்ளை வேலியோரம் ஒதுங்கிவிடுவார். களையெடுக்கப் போன பெண் எங்கே போவாள்? மாத்திரையையும் விட்டு, தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறாள். இதைக் கணவன்மார் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மனைவி வேலைக்குப் போகும் நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது உப்பு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். இந்துப்பும் உப்புதான்.

சில நீர் மாத்திரைகள் உப்போடு பொட்டாசியம் என்ற சத்தையும் வெளியேற்றிவிடும். கெண்டைக்கால் இழுக்கும், உடம்பு அசதியாக இருக்கும், நெஞ்சு படபடக்கும். "அதுக்குத்தான் இளநீரும் வாழைப்பழமும் சாப்பிடுறோமே" என்பார்கள். ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் அந்தச் சத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் இளநீரை அளவில்லாமல் குடித்தால் இருதயத் துடிப்புக்கே ஆபத்து. உங்களுடையது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள்.

எடை மெஷின் கிடைத்தால் காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். மெஷின் இல்லாவிட்டால் கொலுசு இறுகுகிறதா, முழங்காலுக்குக் கீழே அழுத்தினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். ஏறினாலும் மாத்திரையை நீங்களாகக் கூட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உடம்பில் ஏற்கனவே நீர் குறைந்திருக்கும். அப்போது அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். சில நாள் நிறுத்திவைக்கச் சொல்லலாம். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் கொஞ்சம் உட்கார்ந்து பிறகு எழுங்கள். தொடர்ந்து சுற்றினால் சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் மாத்திரைகள் நீர் மாத்திரையின் வேலையைக் கெடுப்பதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

முக்கியமான இன்னொன்று. கர்ப்பிணிக்குக் கால் வீங்குகிறதென்று மாமியாரின் நீர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த வீக்கம் கர்ப்பகால இரத்தக் கொதிப்பாக இருக்கலாம்; தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கொதிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் குழந்தை வேண்டுமென்று நினைத்தால், கரு உண்டாவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொதிப்பு மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை. பால் கொடுக்கும் தாயும் சொல்ல வேண்டும். நீர் மாத்திரையால் பால் குறையலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருபவரிடம் பழைய அட்டையில் மிச்சமிருப்பதை ஒளிக்காமல் காட்டுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.