மருந்தைத் துப்பும் கிருமி!

ஆரணிப் பட்டை ஆசையாய்க் கட்டிக்கொள்கிறீர்களே, அந்த இழை புழுவின் உடம்புக்குள் இருக்கும்வரை வெறும் கூழ்தான், தெரியுமோ? வாய்வழியாக இழுபடும்போது அதிலுள்ள புரதம் வடிவம் மாறி, கெட்டி நூலாகிவிடுகிறது!

புழுவுக்கு மட்டுமல்ல, நம்மைப் படுக்கப்போடும் பாக்டீரியாவுக்கும் இந்த வித்தை தெரியும். தறிக்குழியில் காலை இறக்கினால் மணிக்கணக்கில் எழுந்திருக்காமல், தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரை அடக்குகிறவரா நீங்கள்? அப்படியானால் நீர்க்கடுப்பு வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. அதன் உள்சவ்வில் ஏ.சி.ஆர்.பி. என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. அது ஒரு பம்ப்! டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று நீங்கள் விழுங்கிய மருந்து உள்ளே நுழைந்ததும், பிடித்து வெளியே தள்ளிவிடும்.

எப்படித் தள்ளுகிறது? இந்தப் பம்புக்கு மூன்று பகுதிகள். ஒன்று மருந்தை உள்ளே விடும், ஒன்று இறுக்கிப் பிடிக்கும், ஒன்று துப்பும். பிறகு வேலையை மாற்றிக்கொள்ளும். தறியின் மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பதுபோலத்தான். 2002-லும் 2006-லும் எக்ஸ்ரே முறையில் இதன் உருவத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது போட்டோ மாதிரி, அசையாது. அசைவைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும்.

ஒவ்வொரு அணுவையும் பக்கத்து அணு எவ்வளவு இழுக்கிறது, தள்ளுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அணுக்களைத் துளி நகர்த்தும். மறுபடி கணக்கு! ஒரு துளி என்பது, ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. (நமக்கு மளிகைக் கணக்கே தலைசுற்றுகிறது.) 1977-ல் ஒரு சிறிய புரதத்தை இப்படி முதலில் அசைத்துப் பார்த்தவர்களில் ஒருவரான மார்ட்டின் கார்ப்ளஸுக்கு 2013-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் பெரிய பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், தன்னோடு வேலை செய்த சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனுடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் அணுவும் அணுவும் மோதிக்கொள்ளும் என்று 1963-ல் ஒரு வரைபடம் போட்டார். கம்ப்யூட்டர் சுலபமாய்க் கிடைக்காத காலம் அது! இன்றும் எந்தப் புரதத்தின் உருவம் வெளியானாலும், சரியா தப்பா என்று பார்க்க 'ராமச்சந்திரன் படம்'தான். அவருக்கு நோபல் தராதது நோபலுக்குத்தான் குறை என்பேன்.

இந்தப் பம்பை அடைக்கும் மருந்தைத் தேடித்தான் இவ்வளவு பாடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்படி அது இன்னும் வரவில்லை. அதனால் போன தடவை மிஞ்சிய நாலு மாத்திரையை நீங்களாகவே விழுங்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சீட்டைக் காட்டியும் வாங்காதீர்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வந்தால் டாக்டரிடம் யூரின் கல்ச்சர் பற்றிக் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று அதில் தெரிந்துவிடும். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாளாகும். முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும்.