இரண்டு கப்பல், ஒரே கடிதம்

1805-இல் பினாங்கை நான்காவது மாகாணமாக உயர்த்திய கிழக்கிந்தியக் கம்பெனி, கவர்னரோடு எழுத்தர் பட்டாளம் ஒன்றையும் கப்பலேற்றி அனுப்பியது. உதவிச் செயலராக வந்திறங்கிய இளைஞர், பின்னாளில் சிங்கப்பூரால் பெயர் பெற்ற ராஃபிள்ஸ். அந்தச் செயலகத்தில் எழுதுகிற வேலையைவிட எழுதியதை மறுபடி எழுதுகிற வேலை அதிகம். லண்டனுக்கு ஒரு கடிதம் என்றால் அதற்கு இரண்டாம் படி உண்டு. சில வேளை மூன்றாம் படியும் உண்டு. முதல் படி ஒரு கப்பலில் போகும், அடுத்தது வேறு கப்பலில். புயலோ எதிரிக் கப்பலோ ஒன்றை விழுங்கினாலும் மற்றது போய்ச் சேரட்டும் என்ற கணக்கு. ஆலோசனைக் கூட்டக் குறிப்புகளும் இப்படியே கட்டுக்கட்டாய்ப் படியெடுக்கப்பட்டுக் கடல் கடந்தன.

ஈரமும் கரையானும் ஆளும் ஊர் இது. இங்கே தங்கிய தாளுக்கு ஆயுசு குறைவு. லண்டன் போன படிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இன்றும் இருக்கின்றன. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்தின் தொடக்க வரலாற்றை எழுத முனைகிறவர் அவற்றைப் புறக்கணித்துவிட்டு ஒரு அத்தியாயமும் நகர முடியாது.

பினாங்கு வீதிச் செட்டியார்களின் வட்டித்தொழில் கிட்டங்கிகளிலும் இந்தப் படியெடுக்கும் வழக்கம் வேறு வடிவில் இருந்தது. மூன்றாண்டுத் தவணையில் வந்து உட்காரும் மேலாள் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்க, அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் கணக்கு எழுதுவார்கள். செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்குக் கணக்கின் நகல் தவறாமல் போக வேண்டும். ஐந்தொகை கட்டும்போது இங்கே உள்ள பேரேடும் அங்கே உள்ள நகலும் ஒத்துப்போகாவிட்டால், தவணை முடிந்து ஊர் திரும்பும் மேலாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நகல் இடத்தை அடைக்கிறது என்று அன்று யாரும் அலுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நகலும் ஒருவருடைய கையைக் கடுக்கவைத்துப் பிறந்தது; வேண்டாத நகல் உருவாக வழியே இல்லை.

போட்டோஸ்டாட் எந்திரம் வந்து கை கடுப்பதை நிறுத்தியது. ஆனாலும் ஒரு தாளுக்குச் சில காசு என்ற விலை இருந்தது. அடையாள அட்டை (ஐசி) நகலிலும் பள்ளிச் சான்றிதழ் நகலிலும் யாராவது பொறுப்பானவர் முத்திரை குத்தி அசலோடு ஒத்தது என்று எழுதித் தந்தால்தான் மதிப்பு. எது அசல், எது நகல் என்பதில் குழப்பமில்லை.

கணினி அந்த வேறுபாட்டையே அழித்துவிட்டது. அதில் பினாங்கின் பங்கு சிறிதல்ல என்பது என் கட்சி. 1969-இல் சுங்க வரியற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, முதலமைச்சர் லிம் சோங் யூ மின்னணுத் தொழிலை அழைத்துவந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் எழுந்தது; அதே ஆண்டு இன்டெல் வந்தது. பின்னர் சீகேட் போன்ற வன்தட்டு நிறுவனங்கள் வந்தன. 1990 வாக்கில் ஒரு கிகாபைட் வன்தட்டு பல ஆயிரம் அமெரிக்க டாலர். வீட்டில் இருந்ததெல்லாம் 1.44 மெகாபைட் பிளாப்பி. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் சேமித்தோம். வன்தட்டின் விலை பாதாளத்துக்கு இறங்கியதும் பார்க்கிற பழக்கம் போய்விட்டது. நம் ஊர் அக்காமார்கள் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் பார்த்துச் செய்தனுப்பிய பாகங்கள்தாம் உலகத்தின் குப்பைக்கு இடம் கொடுத்தன என்றால் மிகையில்லை.

இப்போது கொம்தார் கட்டடத்துக்குள் நடந்தால், கைப்பேசிக் கடைகளில் இந்தப் பேச்சு எப்போதும் காதில் விழும்:

"அண்ணே, போன்ல இடமே இல்ல. கொஞ்சம் கிளியர் பண்ணிக் கொடுங்க."

"பண்ணிடலாம்க்கா. எதை அழிக்கட்டும்?"

"ஐயோ, எதையும் அழிச்சிடாதீங்க!"

தைப்பூசம் முடிந்த மறுநாள் இந்தக் கூட்டம் கூடுதல். வெள்ளி ரதத்தை எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை வரும், கோயில் குழுவில் ஒருமுறை, முன்னாள் மாணவர் குழுவில் இன்னொருமுறை. ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப் தன் பாட்டுக்கு ஒரு எண் போட்டுப் பெயர் வைக்கும். பெயர் வேறு, படம் ஒன்று.

இந்த இரட்டைகளைப் பிடிக்கும் மென்பொருள்கள் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. முதலில் கோப்பின் அளவைப் பார்க்கும். அளவு வேறானால் இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. அளவு ஒத்தவற்றுக்கு மட்டும் எம்டி5, ஷா-1 போன்ற முறைகளில் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றாக மாறிவிடும். ஆனால் 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறாக இருந்தும் ஒரே ஷா-1 எண் தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளைச் செய்து காட்டினார்கள். வீட்டுப் படங்களில் அப்படித் தற்செயலாக நேராது. ஆனாலும் எஃப்டியூப்ஸ் போன்ற பழைய கருவி கடைசியில் இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுவிட்டே தீர்ப்புச் சொல்கிறது. ஐந்தொகை பார்க்கும் முதலாளிக்கு அது பிடித்திருக்கும்.

ஆனால் இந்தக் கறார்த்தனமே ஒரு குறையும்கூட. கேமராவில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் வழக்கமாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எடுத்த நாள், நேரம் போன்ற உள்குறிப்புகளும் கழன்றுவிடும். கண்ணுக்கு ஒரே படம், எந்திரத்துக்கு வேறு கோப்பு. படத்தின் தோற்றத்தை ஒப்பிடும் டூப்குரு போன்றவை இங்கே உதவும். ஆனால் அவை காவடி எடுத்தவர் கண் திறந்திருக்கும் படத்தையும், அடுத்த நொடியில் கண் மூடியிருக்கும் படத்தையும் ஒன்றென்று சொல்லக்கூடும்.

தமிழுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. தொண்ணூறுகளில் முரசு அஞ்சல் மென்பொருளில் அடித்த கோயில் அழைப்பிதழைப் பிறகு யூனிகோடில் மாற்றிச் சேமித்திருந்தால், படிப்பவருக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பைட்டுகளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யூனிகோடுக்குள்ளேயும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். ஆப்பிளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் தந்ததைத் தந்தபடி வைத்துக்கொள்ளும். மேக்குக்கும் விண்டோசுக்கும் நடுவில் அலைந்த வெளி வன்தட்டில் "கோயில்" என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் பேய் வேலை என்று நினைக்க வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு எதை வைப்பது? இரண்டும் பைட்டுக்குப் பைட் சமம் என்றால் அசல் என்று ஒன்றே கிடையாது. இருக்கும் இடத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்: ஆண்டு வாரியாக அடுக்கிய உறையில் இருப்பது தங்கட்டும், "புதிய உறை (3)"-இல் இருப்பது போகட்டும். தேதி ஏமாற்றும், விண்டோசில் நகலெடுத்தால் உருவான தேதி புதிதாகும், திருத்திய தேதி பழையதாகவே இருக்கும். மென்பொருள்கள் நிறுவப்பட்ட உறைகளைத் தொடவே கூடாது. அங்கே ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்திலும் அதற்கு வேலை இருக்கும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசைக்கும் உறையில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நிரந்தரமாக அழிக்காமல் முதலில் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிச் சில வாரம் விட்டுவைப்பது நல்லது.

நாம் இப்படித் தேடி அழிப்பது பெரும்பாலும் ஒரே வன்தட்டுக்குள் இருக்கும் இரட்டைகளை. அந்தத் தட்டு விழுந்து உடைந்தால் பத்து நகலும் ஒரே நொடியில் போகும். கம்பெனி எழுத்தன் இரண்டு படியையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தால் மேலதிகாரி சும்மா விட்டிருப்பாரா? பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கை வீட்டு அலமாரியில் கிடக்கும் இரண்டாவது வன்தட்டை இரட்டை என்று எண்ணித் துடைக்கத் தோன்றினால், கையைக் கட்டிக்கொள்ளலாம்.

நடைமுறையில் பலர் துடைப்பதே இல்லை. நாள் கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பதைவிட புதிதாக ஒரு டெராபைட் வன்தட்டு வாங்குவது சுலபம். வாங்கியதும் முதல் வேலை, பழையதில் இருக்கும் அத்தனையையும் அதில் கொட்டுவது. பழையதையும் அப்படியே வைத்திருப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.