திருத்தத்தின் மூலம் காணல்

பேராக் மாநிலத்துக் கிந்தா மாவட்டத்தின் தலைநகர் பத்து காஜா. இப்பெயரிலுள்ள 'பத்து' எண்ணுப்பெயர் அன்று. மலாய்மொழியில் அதற்குக் கல் என்பது பொருள். 'காஜா' வடமொழியின் 'கஜ' என்னும் சொல் மலாயில் பெற்ற வடிவம். ஒலியை மட்டும் நம்புவோர் 'பத்து யானை' என்று பொருள்கொண்டு மயங்குவர். சொல்லுக்கு மூலம் காண்பது போன்ற ஒரு முயற்சி கணினித் துறையிலும் உண்டு.

ஒரு மென்பொருளில் குறை தென்பட்டால், முதலில் அதன் புதிய பதிப்பிலேயே திருத்தம் செய்யப்படும். ஆயினும் எல்லோரும் உடனே புதிய பதிப்புக்கு மாறுவதில்லை. எனவே அத்திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலும் பொருத்துவர். இதனைப் 'பேக்போர்ட்' என்பர்.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை இதற்குத் தக்க சான்று. ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1ஜி பதிப்பு அக்குறையை நீக்கிற்று. டெபியன் அமைப்பினரோ தம்மிடமிருந்த 1.0.1இ பதிப்பிலேயே அத்திருத்தத்தைச் சேர்த்தனர். தலைப்பிலுள்ள எண்ணை மட்டும் பார்ப்பவர், குறை நீங்கிய மென்பொருளையும் குறையுடையது என்றே கருதுவர்.

அவ்வாறாயின் மூலத்தை அறிவது எங்ஙனம்? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்ணும் எழுத்தும் விரவிய 40 குறிகள் கொண்ட அடையாளம் ஒன்றைத் தருவது வழக்கம். பதிவின் உள்ளடக்கம், அதற்கு முந்திய பதிவு, ஆசிரியர், காலம் ஆகிய யாவும் அவ்வடையாளத்தில் அடங்கும். முந்திய பதிவு வேறாகிவிடுவதால், ஒரே திருத்தம் பழைய பதிப்பிற் சேரும்போது வேறோர் அடையாளம் பெறுகிறது.

இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, திருத்தியவர் எழுதிவைத்த குறிப்பு. லினக்ஸ் கருவின் நிலைப்பதிப்புகளில் மூலப் பதிவின் அடையாளத்தைக் குறிப்புரையில் எழுதும் மரபு உண்டு. இரண்டாவது, 'பேட்ச்-ஐடி'. வரியெண்ணையும் வெற்றிடங்களையும் விலக்கி, மாற்றத்தின் உடலை மட்டும் கொண்டு கணிக்கப்படுவது இது. ஆனால் பழைய பதிப்புக்கு ஏற்பச் சில வரிகளை மாற்றியிருந்தால் இதுவும் பொருந்தாது. அப்போது மூன்றாம் வழியே துணை: தலைப்புரை, ஆசிரியர் பெயர், முதலில் எழுதிய நாள் ஆகியவற்றால் மூலத்தை ஊகித்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுதல். ஏடெழுதியவரின் குறிப்பு கிடைக்காதபோது சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் பதிப்பாசிரியரின் பணியும் இத்தகையதே.

இவ்வளவு உழைப்பும் எதற்கு எனின், திருத்தத்திலும் குறை இருக்கக்கூடும். 2014 செப்டம்பரில் 'பாஷ்' மென்பொருளில் 'ஷெல்ஷாக்' என்னும் பிழை வெளிப்பட்டபோது, முதலில் வந்த திருத்தம் முழுமையானதன்று என்பது விரைவிலேயே தெரிந்தது. மேலும் திருத்தங்கள் வேண்டியிருந்தன. முதல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பிற் சேர்த்தவர், காப்புப் பெற்றதாக எண்ணிக்கொண்டே வாயிலைத் திறந்து வைத்தவராவார். மூலம் இன்னதெனத் தெரிந்தால்தான், அதனைத் திருத்தப் பின்னர் எழுந்தவை எவை எனத் தேட இயலும். லினக்ஸ் கருவில் பிந்திய திருத்தங்கள், எப்பதிவின் பிழையை நீக்குகின்றன என்பதை அதன் அடையாளத்தோடு சுட்டுவதும் இதற்காகவே.

ஆகவே, பிறர் திருத்தத்தை எடுத்தாள்வோர் அதன் மூலத்தை ஒருவரியேனும் எழுதிவைத்தல் வேண்டும். அவ்வரி இல்லாதபோது, பின்வருவோர் அதே வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்ய நேர்கிறது.